எங்க பொண்ணு ரயில்ல வந்தா

தத்து எடுத்திருக்கோம்னு சொன்னா நிறையப் பேர் கேட்கற முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?"

கேட்கறவங்க யாரும் கெட்டவங்க இல்லங்க. போன வாரம் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு அக்கா. ஆனா பொண்ணு என் புடவை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கறா. மூணு வயசு. காதுல விழும், புரியவும் புரியும். எனக்குக் கோவம் வந்துடுச்சு. அதான் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உட்கார்ந்து எழுதறேன்.

முதல்ல அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிடறேன்.

குழந்தைக்கு விலை கிடையாது. கட்டணம் உண்டு, அது விதியிலேயே எழுதியிருக்கு. ஆன்லைன்ல பதிவு பண்ண காசு இல்ல. வீட்டுக்கு வந்து விசாரிச்சு அறிக்கை எழுத 6,000 ரூபாய். குழந்தையை வளர்த்த இல்லத்துல மத்த குழந்தைங்களைப் பார்த்துக்கறதுக்குன்னு 50,000. குழந்தை வீட்டுக்கு வந்தப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷத்துக்கு வந்து பார்ப்பாங்க, அதுக்குத் தடவைக்கு 2,000. எல்லாத்துக்கும் ரசீது. கையில ரொக்கமா குடுங்கன்னு யாராவது கேட்டா, நன்கொடை குடுங்கன்னு கேட்டா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. அது தப்பான இடம்.

அவ்வளவுதான் கணக்கு. இனிமே நம்ம கதைக்கு வரலாம்.

நாங்க திருச்சி. கல்யாணம் ஆனது 2008ல. குழந்தைக்காக வைத்தியம் பார்த்தோம், பலிக்கல, நிறுத்தினோம். அதைப் பத்தி எழுத வேற நாள் வேணும். இங்க ஒண்ணு மட்டும் சொல்றேன். வைத்தியம் ஒரு பக்கம் ஓடட்டும், தத்து ஒரு பக்கம் பதிஞ்சு வெப்போம்னு சில பேர் யோசனை சொன்னாங்க. எனக்கு அது ஒத்துவரல. வர்ற குழந்தை இன்னொண்ணுக்குப் பதிலா வரக்கூடாதுன்னு எனக்குப் பிடிவாதம். அழ வேண்டியதை எல்லாம் அழுது முடிச்சுட்டுதான் பதிவு பண்ணினோம்.

2021ல பண்ணினோம். கொரோனா ரெண்டாவது அலை அடிச்ச நேரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்ப வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்திச்சு. "அப்பா அம்மா ரெண்டு பேரும் கொரோனாவுல போயிட்டாங்க, ரெண்டு பெண் குழந்தைங்க இருக்கு, தத்து வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு. எங்க விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரங்க எல்லாரும் அதை எனக்கு அனுப்பினாங்க. நல்ல மனசோடதான் அனுப்பினாங்க. ஆனா அப்படி ஒரு நம்பருக்குப் போன் பண்ணி குழந்தையைக் கூட்டிட்டு வர முடியாது, அது குற்றம்னு அரசாங்கமே அப்ப அறிவிக்க வேண்டியதாச்சு.

நம்ம நாட்டுல பெத்தவங்க இல்லாத, இல்ல கைவிடப்பட்ட குழந்தையைத் தத்து எடுக்க ஒரே வாசல்தான். காரான்னு சொல்ற மத்திய தத்துவள ஆணையத்தோட இணையதளம். (சொந்தத்துக்குள்ள குழந்தையைக் குடுத்து எடுக்கறதுக்கு 1956ல வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் இருக்கு. அக்கா பையனைத் தங்கச்சி சுவீகாரம் எடுக்கற மாதிரியான விஷயம். எங்களுக்கு அது வேணாம்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம். ஒரே குடும்பத்துல ரெண்டு அம்மா இருந்தா அந்தக் குழந்தை படற பாட்டை எங்க சொந்தத்துலயே பார்த்திருக்கேன்.)

பதிவு பண்ண என்னென்ன வேணும்? ஆதார், பான், வருமானச் சான்று, ரெண்டு பேரும் ஆரோக்கியமா இருக்காங்கன்னு டாக்டர் சர்டிபிகேட், எங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கடிதம், போஸ்ட்கார்டு சைஸ்ல குடும்பப் போட்டோ, கல்யாணச் சான்றிதழ்.

கல்யாணச் சான்றிதழ்லதான் இழுத்துச்சு. தமிழ்நாட்டுல கல்யாணத்தைக் கட்டாயம் பதியணும்னு சட்டம் வந்தது 2009ல. எங்க கல்யாணம் அதுக்கு முந்தி. கோயில்ல தாலி கட்டி, சத்திரத்துல சாப்பாடு போட்டதோட சரி. பரணுல ஏறி அழைப்பிதழைத் தேடி எடுத்தோம். சாட்சிக்கு இவரோட சித்தப்பா. சார்பதிவாளர் ஆபீஸ்ல நாங்க காத்துக்கிட்டிருந்தப்ப பக்கத்து பெஞ்சுல மாலையும் கழுத்துமா ஒரு புது ஜோடி. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கும் இன்னிக்குத்தானா?"ன்னு கேட்டா. ஆமாம்மான்னு சொல்லிச் சிரிச்சோம். இவர் வெளியே போய் எனக்கு ஒரு முழம் மல்லி வாங்கிட்டு வந்தார்.

விண்ணப்பத்துல நாம தேர்ந்தெடுக்கக் கூடியது கொஞ்சம்தான். எந்த வயசு, ஆணா பெண்ணா இல்ல எதுவானாலுமா, எந்த மாநிலம், சிறப்புத் தேவை உள்ள குழந்தையா. ஜாதி கேட்க முடியாது. நிறம் கேட்க முடியாது. "கலரா குடுத்தாங்களா?"ன்னு எங்களைக் கேட்டவங்களுக்கு இது தெரியணும். இப்படி ஒரு இடத்துல ஜாதிக்குன்னு கட்டமே இல்லாம ஒரு விண்ணப்பம் நம்ம நாட்டுல இருக்கறதே எனக்குப் பெருமையா இருந்துச்சு.

வயசுக்குக் கணக்கு உண்டு. 2022ல வந்த விதிப்படி, ரெண்டு வயசுக்குள்ள குழந்தை வேணும்னா கணவன் மனைவி வயசைக் கூட்டினா 85ஐத் தாண்டக்கூடாது. நாலு வயசு வரைக்கும் 90. எட்டு வயசு வரைக்கும் 100. அதுக்கு மேல 110. கல்யாணம் ஆகாத பெண் தனியா எடுக்கலாம். தனி ஆணும் எடுக்கலாம், ஆனா பெண் குழந்தையை எடுக்க முடியாது.

அடுத்தது ஹோம் ஸ்டடி.

பேரைக் கேட்டதும் எனக்குப் பரீட்சை பயம். திரையெல்லாம் துவைச்சுப் போட்டேன். இவர் ஷெல்புல இருந்த புத்தகத்தை எல்லாம் உயர வாரியா அடுக்கினார். வந்த சமூகப் பணியாளர் மேடம் அதை எதையும் பார்க்கல. தரையில உட்கார்ந்து மோர் குடிச்சுட்டு, "உங்களுக்குள்ள கடைசியாச் சண்டை வந்தது எதுக்கு? யார் முதல்ல பேசினீங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டாங்க, சேர்த்து உட்கார வெச்சும் கேட்டாங்க. குழந்தைகிட்ட எப்பச் சொல்லுவீங்க? பள்ளிக்கூடத்துல யாராவது ஏதாவது சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிட்டா யார் பார்த்துப்பாங்க?

வயித்துல குழந்தை வர்றவங்களை யாரும் இப்படிக் கேட்கறதில்லையேன்னு சில பேருக்குக் கோவம் வரும். எனக்கு வரல. எங்களை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு அக்கறையா விசாரிச்சதே கிடையாது. அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் தேடினதுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது, கல்யாணமாகி அத்தனை வருஷத்துல பேசாத பேச்சு.

அப்புறம் அத்தைகிட்ட போனாங்க. (அத்தைன்னா இவரோட அம்மா. எங்களோடதான் இருக்காங்க.)

அத்தை நேரா சொல்லிட்டாங்க. "எனக்கு இஷ்டமில்லம்மா. இவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. எந்த ரத்தமோ, எந்த வம்சமோ. எனக்குப் பயமா இருக்கு."

அடுப்படியில நின்ன எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. முடிஞ்சுது, அறிக்கையில வேணாம்னு எழுதிடுவாங்கன்னு நினைச்சேன்.

மேடம் அப்படி எழுதல. "மனசுல இருக்கறதைச் சொன்னீங்களே, அதுவே பெரிசு பாட்டி"ன்னு சொல்லிட்டுப் போனவங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை அத்தையை மட்டும் கூட்டிக்கிட்டு, தத்து எடுத்த இன்னொரு குடும்பத்து வீட்டுக்குப் போனாங்க. அந்த வீட்டுப் பாட்டிக்கும் அத்தை வயசுதான். ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த அத்தை அன்னிக்கு எதுவும் சொல்லல. அடுத்த வாரம் வெத்தலை போட்டுக்கிட்டே, "அந்தப் பேரன் முறுக்கு நல்லா சாப்பிடறான். இன்னொரு வாட்டி போகும்போது சுட்டு எடுத்துட்டுப் போகணும்"னாங்க.

எனக்கு அது போதுமா இருந்துச்சு.

ஹோம் ஸ்டடி அறிக்கை மூணு வருஷத்துக்குச் செல்லும். அதுக்கப்புறம் காத்திருப்பு. தளத்துல நுழைஞ்சா வரிசையில நம்ம எண் தெரியும். இவர் காலைல காபி டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டு முதல்ல பார்க்கறது அதைத்தான். சில வாரம் நகரும். சில வாரம் நகரவே நகராது.

இங்க நான் கொஞ்சம் நின்னு பேசணும். ஏன்னா எல்லாரும் சொல்ற கதை, "காகிதமும் கையெழுத்துமா இழுத்தடிக்கறாங்க, நாட்டுல எத்தனை அனாதைக் குழந்தைங்க இருக்கு, தூக்கிக் குடுத்தா என்ன?" நானும் முதல்ல அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். உள்ள போய்ப் பார்த்தா விஷயம் வேற.

காத்திருக்கற பெற்றோர் 30,000க்கும் மேல. 2024-25ல நாடு முழுக்க நடந்த தத்தெடுப்பு 4,515. அதுவே பன்னிரண்டு வருஷத்துல அதிகம். அப்ப இல்லங்கள்ல இருக்கற மத்த குழந்தைங்க? அவங்கள்ல பெரும்பாலானவங்களைச் சட்டப்படி தத்துக் குடுக்க முடியாது. அப்பாவோ அம்மாவோ இருப்பாங்க. வறுமை, சிறை, நோய், ஏதோ ஒண்ணு. கைவிடப்பட்ட குழந்தைன்னா, குழந்தைகள் நலக் குழு பெத்தவங்களைத் தேடணும், பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும். ரெண்டு வயசுக்குள்ள குழந்தைன்னா ரெண்டு மாசம், அதுக்கு மேலன்னா நாலு மாசம். யாரும் வரலன்னாதான் தத்துக்கு உரியதுன்னு அறிவிப்பாங்க. ஒரு அம்மா தானே வந்து ஒப்படைச்சாலும், மனசு மாறித் திரும்பி வர அவங்களுக்கு 60 நாள் உண்டு.

அந்த 60 நாளை நான் ரொம்ப மதிக்கறேன். எங்கேயோ ஒரு பொண்ணு, பெத்த உடம்பு ஆறக்கூட இல்ல, யாரோ மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அவளுக்கு அந்த நாள் வேணும். அதுக்காக நாங்க காத்திருக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

வருத்தம் வேற இடத்துல. வருஷத்துல ஒரு தடவைகூட யாரும் வந்து பார்க்காத குழந்தைங்க இல்லத்துலயே கிடக்கறாங்க. பேருக்கு ஒரு விலாசம் ஃபைல்ல இருக்கறதால அவங்களைத் தத்துக்கு உரியவங்கன்னு அறிவிக்க மாட்டேங்கறாங்க. அந்த ஃபைலை எடுத்துப் பார்க்க ஆள் இல்ல. கைக்குழந்தையா வந்த குழந்தை ஆறு வயசு, ஏழு வயசு ஆயிடுது. அப்புறம் அறிவிச்சாலும், நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் கேட்கறது ரெண்டு வயசுக்குள்ள, நோய் நொடி இல்லாத குழந்தை. தளத்துல காத்திருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவங்க சிறப்புத் தேவை உள்ளவங்களும் வளர்ந்தவங்களும்தான். கோவப்படறதுன்னா அங்க கோவப்படுங்க. பெற்றோர்கிட்ட பான் கார்டு கேட்டதுக்கு இல்ல.

இந்த வரிசை எங்களுக்குக் குழந்தை தேடற வரிசை இல்ல, ஒரு குழந்தைக்கு வீடு தேடற வரிசை. இதை எனக்கு மேடம்தான் சொன்னாங்க. புரிஞ்சதுக்கப்புறம் காத்திருக்கறது சுலபமாயிடலைங்க. ஆனா யார் மேலயும் கசப்பு வரல.

நடுவுல அந்தப் போனும் வந்துச்சு.

தெரிஞ்சவங்க மூலமா, யாருன்னு சொல்ல மாட்டேன். "ஒரு ஆஸ்பத்திரியில பொண்ணு ஒண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கு. அவங்களுக்குக் குழந்தை வேணாம். பொறந்த அன்னிக்கே தூக்கிட்டு வந்துடலாம். உங்க பேர்லயே பர்த் சர்டிபிகேட். சில லட்சம் ஆகும். எதுக்கு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கீங்க?"

அன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தூங்கல. பொறந்த குழந்தை. நாளைக்கே. அந்த ஆசை எவ்வளவு பலமானதுன்னு காத்திருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

விடியக்காலைல இவர்தான் சொன்னார். "பதினெட்டு வயசுல அது வந்து, என்னைப் பெத்தவங்க யாருப்பான்னு கேட்டா, எந்தக் காகிதத்தைக் காட்டுவேன்?"

முடிஞ்சுது. காலைல போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டோம்.

சட்டப்படி வந்த குழந்தைக்கு ஒரு ஃபைல் இருக்கு. பதினெட்டு வயசு ஆனதும் தன் வேரைத் தேட அதுக்கு உரிமை இருக்கு. பொய்யான பர்த் சர்டிபிகேட்ல வந்த குழந்தைக்கு அந்தக் கதவே கிடையாது. பெத்தவளுக்கு 60 நாளும் கிடையாது. சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தையை விக்கறதும் வாங்கறதும் அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல். 2019ல ராசிபுரத்துல ஒரு குழந்தை விற்பனை வழக்கு வெடிச்சதே, நர்ஸா இருந்த ஒருத்தர் போன்ல பேரம் பேசின ஆடியோ ஊரெல்லாம் சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? அதுல மாட்டினது தரகருங்க மட்டும் இல்ல, எத்தனையோ வருஷம் முன்னாடி வாங்கிட்டுப் போன வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டிச்சு. அந்தக் குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க.

2024ல ஒரு மத்தியானம் எஸ்எம்எஸ் வந்துச்சு. ஹோம் ஸ்டடி காலாவதி ஆகற நேரம் நெருங்கிட்டதால, அதைப் புதுப்பிக்கச் சொல்லத்தான் செய்தின்னு நினைச்சுத் திறந்தேன்.

இல்ல. ஒரு குழந்தை.

ஆந்திராவுல ஒரு சிசு கிருஹா. (அங்க அரசாங்கம் நடத்தற தத்து இல்லங்களுக்கு அதான் பேர். ஊரைச் சொல்ல மாட்டேன். தத்துக் குழந்தையோட அடையாளத்தை வெளியே சொல்லக் கூடாதுன்னு சட்டம். அதனாலதான் பாப்பா பேரும் இங்க வராது.) பெண். ஒண்ணரை வயசு. ஒரு போட்டோ, ஒரு குழந்தை ஆய்வு அறிக்கை, ஒரு மருத்துவ அறிக்கை. 48 மணி நேரத்துக்குள்ள நமக்குன்னு ஒதுக்கி வெக்கணும், அப்புறம் 30 நாளுக்குள்ள நேர்ல போய்ப் பார்த்து ஏத்துக்கணும்.

போட்டோவுல அவ சிரிக்கல. மொட்டை அடிச்சிருந்தாங்க. கேமராவை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா.

மருத்துவ அறிக்கையில எடை குறைவு, ரத்தத்துல ஹீமோகுளோபின் குறைவு. எங்களுக்குத் தெரிஞ்ச குழந்தை டாக்டர்கிட்ட எடுத்துட்டு ஓடினோம். (நமக்கு நம்பிக்கையான டாக்டர்கிட்ட அறிக்கையைக் காட்ட நமக்கு உரிமை இருக்கு, தயங்காதீங்க.) அவர் எடையைப் பார்க்கவே இல்ல. தலைச் சுற்றளவைப் பார்த்தார், எந்த மாசம் உட்கார்ந்தா, எந்த மாசம் நின்னான்னு பார்த்தார். "எடையும் ரத்தமும் வீட்டுச் சாப்பாட்டுல ஏறிடும். போய்க் கூட்டிட்டு வாங்க"ன்னார்.

ராத்திரி ரயில். அத்தை ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு குடுத்து அனுப்பினாங்க.

முதல்ல பார்த்தப்ப அவ ஒரு ஆயாம்மா இடுப்புல இருந்தா. என்கிட்ட வந்தா. அழல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. ஒண்ணரை வயசுக் குழந்தை, யாரு கூப்பிட்டாலும் போகுது, யாரு இறக்கி விட்டாலும் நிக்குது. இவரைப் பார்த்தா மட்டும் உடம்பு விறைச்சுப்போகுது. அங்க இருக்கறவங்க எல்லாரும் பொம்பளைங்க. ஆம்பளைன்னா அவளுக்கு ஊசி போட வர்ற டாக்டர்தான்.

ஆயாம்மாதான் எல்லாம் சொன்னாங்க. பருப்பும் நெய்யும் பிசைஞ்சா சாப்பிடுவா, பால் சூடா இருந்தாதான் குடிப்பா, தூங்கும்போது துணி நுனியைப் பிடிச்சுக்குவா. சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவளை இவ்வளவு நாள் வளர்த்தது அவங்கதானே. வெளியில யாரும் பேசாத ஒரு ஆள் இந்தக் கதையில உண்டுன்னா அவங்கதான். அந்தத் துணியையும் கையில குடுத்து அனுப்பினாங்க. துவைக்காமக் குடுத்தாங்க, வாசனை போகக் கூடாதுன்னு. எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாருங்க அவங்களுக்கு.

வீட்டுக்கு வந்து முதல் சில நாள் அவ எதுவுமே கேட்கல. தட்டுல வெச்சதை எல்லாம் சாப்பிட்டா. தூங்கும்போது கையில ஒரு பிஸ்கட்டை இறுக்கிப் பிடிச்சிருப்பா. எடுக்க முயற்சி பண்ணாதீங்கன்னு மேடம் போன்ல சொன்னாங்க. நாளைக்கும் சாப்பாடு வரும்னு அவளாத் தெரிஞ்சுக்கற வரைக்கும் இருக்கட்டும்னாங்க. எறும்பு வராம படுக்கையைச் சுத்தித் துடைச்சுக்கிட்டே இருப்பேன்.

இவர் பண்ணினது தனிக் கதை. தூக்கப் போனா அவ விறைக்கறா. அதனால தூக்கறதையே விட்டுட்டார். ஆபீஸ்ல இருந்து வந்ததும் கூடத்துல ஒரு மூலையில தரையில உட்கார்ந்து, அவளைப் பார்க்காம, கமலா ஆரஞ்சை உரிப்பார். உரிச்ச சுளையைப் பக்கத்துல வெப்பார். அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார். முதல்ல சுளை அங்கேயே காயும். அப்புறம் ஒண்ணு காணாமப் போகும். போன்ல பார்த்து நாலு தெலுங்கு வார்த்தை கத்துக்கிட்டார். சாப்பாட்டுக்கு அவ சொல்றது "புவ்வா". நம்ம ஊர்ல "பூவா". அத்தைக்கு அது போதும், ரெண்டு பேருக்கும் மொழிப் பிரச்சினை அன்னியோட தீர்ந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் இவர் முன்னாடி வந்து நின்னு ரெண்டு கையையும் தூக்கி, "எத்துக்கோ"ன்னா. தூக்கிக்கோன்னு அர்த்தம். இவர் அவளைத் தூக்கிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போய், கடைக்காரர், அயர்ன் பண்றவர், எல்லார்கிட்டயும் "என் பொண்ணு"ன்னு சொல்லிட்டு வந்தார்.

நான் குளிக்கப் போனா கதவைத் தட்டி அழ ஆரம்பிச்சாளே ஒரு நாள், அன்னிக்கு நான் உள்ள நின்னு சந்தோஷத்துல அழுதேன். அழத் தெரிஞ்சுடுச்சு அவளுக்கு. அழுதா ஆள் வரும்னு தெரிஞ்சுடுச்சு.

இந்த நாட்களுக்குத்தான் லீவு வேணும். ஆனா 2017ல திருத்தின பேறுகாலச் சட்டத்துல, தத்து எடுத்த அம்மாவுக்கு 12 வாரம் லீவுன்னு சொல்லிட்டு, குழந்தைக்கு மூணு மாசத்துக்குள்ள வயசு இருந்தாதான்னு எழுதி வெச்சாங்க. எங்க ஆபீஸ்லயும் அதைக் காட்டித்தான் கிடையாதுன்னாங்க. நான் சம்பளமில்லாம எடுத்தேன். கணக்குப் பாருங்க. கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்கு உரியதுன்னு அறிவிக்கவே ரெண்டு மாசம். அப்புறம் தளத்துல ஏறி, பெற்றோரைச் சேர்த்து, நேர்ல போய்ப் பார்த்து... மூணு மாசத்துக்குள்ள எந்தக் குழந்தை வீட்டுக்கு வரும்? ஒண்ணரை வயசுக் குழந்தைக்கு அம்மா பக்கத்துல இருக்க வேண்டிய தேவை குறைவுன்னு யார் முடிவு பண்ணினாங்க? பெரிய குழந்தைகளைத் தத்து எடுங்கன்னு அரசாங்கம் ஒரு பக்கம் சொல்லுது. எடுக்கறவங்களுக்கு லீவு வேணும்னு சட்டம் சொல்லியிருக்க வேணாமா?

முதல்ல குழந்தை வர்றது தத்துக்கு முந்தின பராமரிப்புன்னு, உறுதிமொழிக் கையெழுத்து போட்டுத்தான். முழு உத்தரவு அப்புறம். முன்னாடி அது கோர்ட்டுல நடக்கும். 2022 செப்டம்பர்ல இருந்து மாவட்ட கலெக்டர். இல்லம் இருக்கற மாவட்டத்து கலெக்டர்தான், அதனால மறுபடி ஆந்திராவுக்கு ரயில் ஏறினோம். தனி அறையில விசாரிப்பாங்க, வேற யாரையும் உள்ள விடமாட்டாங்க. பாப்பா வாசல்ல நின்ன டவாலிகிட்ட தன் முறுக்கை நீட்டினா. அவர் வாங்கி, ஒரு துண்டு உடைச்சு வாயில போட்டுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பிக் குடுத்தார். உள்ள எல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. அந்த உத்தரவுக்கு அப்புறம் வந்த பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர், அம்மா பேர் எங்களோடது. வயித்துல பொறந்த குழந்தைக்கு என்னென்ன உரிமையோ அத்தனையும் அவளுக்கு. "எதுக்கும் உயில் எழுதி வெச்சுடுங்க"ன்னு சொல்ற பெரியவங்களுக்குத் தகவலுக்காகச் சொல்றேன்.

இன்னொண்ணும் சொல்லணும். "பையனா எடுத்திருக்கலாமே"ன்னு கேட்கறவங்க உண்டு. எங்க விண்ணப்பத்துல எதுவானாலும் சரின்னுதான் போட்டோம். வருஷா வருஷம் தத்துப் போற குழந்தைகள்ல பொண்ணுங்கதான் அதிகம். கேட்கறவங்க மனசு மாறியிருக்கு, அது சந்தோஷம். ஆனா இல்லங்களுக்கு வந்து சேர்றதும் பொண்ணுங்களாத்தானே இருக்கு. 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சது பெண் சிசுவைக் கொல்றதைத் தடுக்க. இன்னிக்கும் அந்தத் தொட்டிலுக்கு வேலை இருக்கு.

அவகிட்ட எப்பச் சொல்லுவீங்கன்னு கேட்கறவங்க எல்லாருக்கும் ஞாபகம் வர்றது "கன்னத்தில் முத்தமிட்டால்" படம். அதுல அந்தப் பொண்ணுக்கு ஒன்பதாவது பிறந்தநாள்ல சொல்லுவாங்க. நாங்க அவ்வளவு நாள் வெக்கல. வந்த முதல் வாரத்துல இருந்தே தூங்கப் போகும்போது கதையாச் சொல்றோம். ஒரு பாப்பா இருந்தா, ஒரு அம்மா வயித்துல இருந்து வந்தா, அந்த அம்மாவால வெச்சுக்க முடியல, ஒரு ஆயாம்மா பார்த்துக்கிட்டாங்க, அப்புறம் அப்பாவும் அம்மாவும் ரயில் ஏறி வந்தாங்கன்னு. ரயில் வந்ததும் அவ எழுந்து உட்கார்ந்துடுவா. கூவுன்னு சத்தம் குடுக்கறது அவ வேலை.

பக்கத்து வீட்டுல ஒரு தம்பிப் பாப்பா பொறந்திருக்கான். அவங்க அக்கா வந்து, "எங்க தம்பி ஆஸ்பத்திரியில இருந்து வந்தான்"னு சொன்னா. எங்க பொண்ணு, "நான் ரயில்ல வந்தேன்"னா. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய், தம்பியையும் ரயில்லதான் கொண்டு வந்திருக்கணும்னு ஒரே அடம்.

பதிவு பண்ணலாமான்னு யோசிச்சுக்கிட்டு யாராவது இருக்கீங்களா? சனி, ஞாயிறுல நான் வீட்டுலதான் இருப்பேன். ஆதார், பான், கல்யாணச் சான்றிதழ் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுடலாம். கல்யாணம் பதியலைன்னா அழைப்பிதழைத் தேட இன்னிக்கே ஆரம்பிங்க. வேற என்ன கேட்கணும்னாலும் அடுப்படிக்கு வந்து என்கிட்ட கேளுங்க. பாப்பா கூடத்துல அத்தையோட இருப்பா.